ஒட்டுத் தெரியாத சுவர்

துப்பறிவாளரின் மூக்கு சுவரில் இடித்தது.

"அத்தான், அவங்க சுவரைப் பார்க்கத்தான் சொன்னாங்க. முத்தம் கொடுக்கச் சொல்லல," என்றாள் வாலு.

அவர் டார்ச்சைச் சுவரோடு ஒட்டவைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் வழியும்படி பிடித்தார். அப்படிப் பிடித்தால் சின்னப் பருகூட நிழல் விட்டுக் காட்டிக் கொடுத்துவிடும். இந்தச் சுவர் எதையும் காட்டிக் கொடுக்கவில்லை. மேலிருந்து கீழே, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் வழவழவென்று, பார்க்கவே எரிச்சலாக இருந்தது. இந்த வீட்டுக்கு வருவது இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் இதே சுவர், இதே டார்ச், இதே வெறுங்கை.

வாலு அவருடைய மனைவியின் தங்கை. ஏதாவது வேலை கிடைக்கிற வரைக்கும் உங்ககூட இருக்கட்டுமே என்று மனைவி சேர்த்துவிட்ட உதவியாளர். வேலையும் கிடைத்தபாடில்லை, வாயும் ஓய்ந்தபாடில்லை.

"ஏதாவது தெரியுதா சார்?" என்று கேட்டார் நர்ஸ். டியூட்டிக்குக் கிளம்பத் தயாராகத் தோளில் பையோடு வாசற்படியில் நின்றிருந்தார். அவர்தான் இந்த வழக்கைக் கொண்டுவந்தவர்.

வழக்கு இதுதான். ஹாலையும் படுக்கையறையையும் பிரிக்கிற இந்தச் சுவரில் ஒரு விரிசல் வருகிறது. கூரையை ஒட்டிய இடத்தில் தொடங்கி, காய்ந்த கிளை மாதிரி கோணல்மாணலாகக் கீழே இறங்குகிறது. காலையில் வேலைக்குப் போகும்போது நர்ஸ் அதைப் பார்க்கிறார். இருட்டிய பிறகு வீடு திரும்பினால் விரிசலைக் காணோம். சுவர் முழுசாக இருக்கிறது. சில வாரங்கள் கழித்து மறுபடி வருகிறது, மறுபடி காணாமல் போகிறது. போனில் படம்கூட எடுத்து வைத்திருந்தார். வெளியூரில் வேலை பார்க்கும் கணவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, நிழலாக இருக்கும், நீ நல்லாத் தூங்கு என்றார். பணம் கொடுத்து வரவழைத்த இன்ஜினியர் சுவரைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். காவல் நிலையத்தில் அதைவிட மோசம். "வீட்டுக்குள்ள புகுந்து ஒண்ணும் எடுக்காம பெயின்ட் அடிச்சிட்டுப் போற திருடனா? எங்க வீட்டு அட்ரஸையும் அவன்கிட்ட கொடும்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

"அவருக்கு என்னம்மா தெரியும்? இருந்தாத்தானே தெரியும்?"

சொன்னது நர்ஸின் மாமனார். அந்தச் சுவருக்கு எதிரே போட்டிருந்த சாய்வு நாற்காலிதான் அவருடைய இடம். வீட்டைக் கட்டியவர் அவர். மாடியில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் மூத்த மகனும் மருமகளும், கீழே இளைய மகன் குடும்பமும் அவரும். மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடி துடைத்தார்.

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நான் இந்த நாற்காலியை விட்டு நகர்றதில்ல தம்பி. ஒரு ஈ காக்கா உள்ள வந்தாலும் எனக்குத் தெரியும். மத்தியானம் தூங்குற பழக்கமும் கிடையாது. சின்ன மருமகளுக்கு வேலை ஜாஸ்தி. கண்ணு இருட்டுது. நான் சொன்னா கோவம் வருது."

நர்ஸின் முகம் சுண்டிப்போனது. செருப்பை மாட்டிக்கொண்டார்.

துப்பறிவாளருக்கு மண்டை காய்ந்தது. ஒன்று, பெரியவர் பொய் சொல்ல வேண்டும். இல்லையென்றால், நர்ஸ் பொய் சொல்ல வேண்டும். பெரியவர் கை நடுங்குகிறவர். டம்ளரை எடுத்தால் பாதி டீ சட்டைக்குத்தான் போகும். அந்தக் கையால் இப்படி ஒரு சுவரைப் பூசவே முடியாது. அப்படியானால் நர்ஸா? அந்த நினைப்பே அவருக்குக் கசந்தது. ஆனாலும் அது மனசை விட்டுப் போகவில்லை.

"வீடு பளிச்சுன்னு இருக்கு. பினாயில் வாடைதான் மூக்கைப் பிடுங்குது," என்றாள் வாலு.

"விரிசல் காணாமப் போற அன்னைக்கெல்லாம் இப்படித்தான்," என்றார் நர்ஸ். "நேத்தும் அப்படித்தான். வீடு முழுக்கப் பினாயில்."

"சுத்தமா இருக்கிறதும் தப்பா?" என்று கேட்டார் பெரியவர்.

வெளியே வந்து ஸ்கூட்டரை உதைத்தார் துப்பறிவாளர். அது இருமியது. மறுபடி உதைத்தார். இருமக்கூட இல்லை.

"விட்டுடலாம் வாலு. இந்தக் கேஸே வேண்டாம். ஒரு சுவர்கிட்ட தோத்துட்டேன்னு ஊர் சிரிக்கட்டும்."

"ஊருக்கு ஏற்கெனவே தெரியும் அத்தான். நீங்க புதுசா ஒண்ணும் அறிவிக்க வேண்டாம்."

"சிரிக்காதே. எரிச்சலா வருது. ஒரு இடத்துல பூசினா அந்த இடம் தெரிஞ்சே ஆகணும். எவ்வளவு நல்லாப் பூசினாலும் ஒட்டுத் தெரியும். தெரியலையே!"

"தெரியாம எப்படி இருக்கும்? நான் பட்ட அவமானம் எனக்குத்தான் தெரியும்," என்றபடி வாலு ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஓடாத வண்டியில் உட்கார அவளுக்குப் பயமில்லை. "படிக்கிறப்போ வாடகை ரூம்ல ஆணி அடிச்சிருந்தேன்ல? காலி பண்ணும்போது அந்த ஓட்டையில பட்டி வச்சு அடைச்சு, அதே கலர் பெயின்ட்டை வாங்கி மேல தொட்டு வச்சேன். ஓட்டை மிளகு சைஸ். ஒட்டு தோசைக்கல் சைஸ். சுவர் வெயில் பட்டு வெளுத்துப் போயிருந்துச்சு, பெயின்ட் புதுசு. ஹவுஸ் ஓனர் கதவைத் திறந்ததும் நேரா அதைத்தான் பார்த்தார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, விட்டாரா மனுஷன்? இன்னும் ரெண்டு தடவை தொட்டுப் பார்த்தேன். பக்கத்துல போனா தெரியல, தள்ளி நின்னா தெரியுது. பகல்ல தெரியல, லைட் போட்டா பளபளங்குது. கடைசில முழுச் சுவரையும் அடிக்க வச்சார். இந்த மூலையிலேர்ந்து அந்த மூலை வரைக்கும். அப்பத்தான் தப்பிச்சேன். மூலையில வெளிச்சம் எப்படியும் மாறுது இல்லையா? பக்கத்துச் சுவரைவிடக் கலர் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் கண்ணு கண்டுபிடிக்கறதில்ல."

துப்பறிவாளரின் கால் கிக்கரிலேயே நின்றுவிட்டது.

"என்ன சொன்னே?"

"கண்ணு கண்டுபிடிக்கறதில்லன்னேன். உங்களை இல்ல அத்தான், பொதுவாச் சொன்னேன்."

அவர் ஏற்கெனவே வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தார். தெருமுனை வரை போயிருந்த நர்ஸை வாலு கைதட்டி அழைத்து வந்தாள்.

விரிசல் வருவதாகச் சொன்ன சுவரில் ஒரு கடிகாரம் தொங்கியது. துப்பறிவாளர் ஸ்டூலில் ஏறி அதைக் கழற்றினார். பின்னால் சுவர் ஒரே நிறமாக இருந்தது. வட்டமாக எந்த அடையாளமும் இல்லை.

"இந்தக் கடிகாரம் இங்க எப்பலேர்ந்து இருக்கு?"

"நான் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து அங்கதான் சார்," என்றார் நர்ஸ்.

அவர் இறங்கி, பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைக் கழற்றினார். படம் இருந்த இடத்தில் சுவர் அழுத்தமான நிறத்தில் சதுரமாகத் தெரிந்தது. சுற்றிலும் வெளுத்திருந்தது. மற்றொரு சுவரில் காலண்டரைத் தூக்கினார். அங்கேயும் அதே கதை.

"மத்தச் சுவரெல்லாம் வெளுத்திருக்கு, மறைஞ்சிருந்த இடம் மட்டும் அப்படியே இருக்கு. இந்தச் சுவருக்கு மட்டும் வயசே ஆகல." அவர் குரல் இறங்கியது. "நாம ஒட்டைத் தேடிக்கிட்டு இருந்தோம். ஒட்டு எங்கயும் இல்ல. முழுச் சுவருமே ஒட்டுதான். விரிசல்ல பட்டி அடைச்சு, காய்ஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, மூலைக்கு மூலை மொத்தமா அடிச்சிருக்காங்க. பெயின்ட் வாடை தெரியக் கூடாதுன்னு வீடு பூராப் பினாயில்."

நர்ஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ எனக்கு ஒண்ணும் இல்ல," என்றார். யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் இல்ல."

"நல்ல பெயின்ட் தம்பி. சிலது வெளுக்கறதில்ல," என்றார் பெரியவர்.

"நாலு சுவருக்கும் ஒரே பெயின்ட்தானே அடிச்சீங்க?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

வெளுத்துப்போன நிறத்துக்குப் பொருத்தமாகப் பெயின்ட் வேண்டுமென்றால் டப்பாவில் கிடைக்காது. கலந்துதான் வாங்க வேண்டும். கலந்து கொடுக்கும் மெஷின் அந்த வட்டாரத்தில் ஒரே ஒரு கடையில்தான் இருந்தது. ஸ்கூட்டர் கடைசிவரை கிளம்பாததால் இருவரும் வெயிலில் நடந்தே போனார்கள்.

கடைக்காரர் டப்பாவை மெஷினில் மாட்டிக் குலுக்கவிட்டிருந்தார். அந்தச் சத்தத்தில் துப்பறிவாளர் கேட்ட கேள்வி எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

"பளபளப்பு வேணுமா, மங்கலா வேணுமா?"

"எனக்குப் பெயின்ட் வேண்டாம். ஒரு விவரம் வேணும்."

"கிச்சனுக்கா?"

"விவரம்! விவரம்!"

"அது ஸ்டாக் இல்ல. அடுத்த வாரம் வரும்."

"பரவாயில்லயே அத்தான், அடுத்த வாரமாவது வருது. நம்மகிட்ட எப்பவுமே ஸ்டாக் கிடையாது," என்றாள் வாலு.

மெஷின் நின்ற பிறகுதான் விஷயம் புரிந்தது. நர்ஸ் வீட்டு ஹால் படத்தைப் போனில் காட்டியதும் கடைக்காரருக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

"இதுக்குப் பேரே கிடையாது சார். வெளுத்த கலர். சுவர்லேர்ந்து ஒரு சில்லைப் பேர்த்துக் கொண்டுவந்து, இதே மாதிரி கலந்து கொடுங்கன்னாங்க. சுலபத்துல பிடிபடல. மூணு தடவை கலந்தேன். அப்புறம் நாலஞ்சு வாட்டி வந்து அதையே வாங்கிட்டுப் போயிருக்காங்க."

"யாரு?"

"அந்த வீட்டு மருமகதான். வேற யாரு?"

துப்பறிவாளருக்குக் காது அடைத்தது. அந்த வாசலில் சுண்டிய முகத்தோடு நின்றதும், தரையில் உட்கார்ந்து 'எனக்கு ஒண்ணும் இல்ல' என்றதும் எல்லாம் நாடகம்! நாலு வாரமாக ஒரு நடிகையை நம்பிச் சுவரை முகர்ந்துகொண்டிருந்திருக்கிறார். திரும்பும் வழியெல்லாம் அவர் நடக்கவில்லை, தெருவை உதைத்துக்கொண்டே போனார்.

நர்ஸ் இன்னும் டியூட்டிக்குப் போயிருக்கவில்லை. லீவு சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

"எதுக்கும்மா எங்களைக் கூப்பிட்டீங்க?" துப்பறிவாளர் வாசலிலிருந்தே ஆரம்பித்தார். "நீங்களே பெயின்ட் வாங்கி, நீங்களே அடிச்சு, நீங்களே காணோம்னு சொல்லி... யாரைப் பைத்தியமாக்கப் பார்க்கறீங்க?"

"நானா? பெயின்ட்டா?"

"கடைக்காரர் சொல்லிட்டார். அந்த வீட்டு மருமகதான் வாங்கிட்டுப் போறாங்களாம்."

நர்ஸின் கண்ணில் தண்ணீர் திரண்டது. பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "நான் சொன்னேன்ல தம்பி? பாவம், அவளுக்கே தெரியாம செஞ்சிருப்பா. வையாதீங்க. டாக்டர்கிட்ட காட்டலாம்."

அந்த அனுதாபம்தான் வாலுவை உறுத்தியது. இவ்வளவு நேரம் சுவரில் எதுவுமே இல்லை என்று சாதித்தவர், யாரோ பெயின்ட் அடித்தார்கள் என்பதை இப்போது நொடியில் ஒப்புக்கொண்டுவிட்டார்.

தலைக்கு மேலே கனமான எதையோ தரையோடு இழுக்கும் சத்தம் கேட்டது. வாலு கூரையைப் பார்த்தாள்.

"அத்தான், கடைக்காரர் 'மருமக'ன்னுதானே சொன்னார்? எந்த மருமகன்னு நாம கேட்டோமா?"

முட்டாள்தனத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது, அதைத் தாண்டித் தெருக்கோடி வரை போய்விட்டோம் என்று துப்பறிவாளருக்குப் புரிந்தது.

"பெரியவரே, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் கொடுங்க."

பெரியவர் கொடுக்கவில்லை. துப்பறிவாளர் மெல்ல வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடி முழுக்க ஊசிமுனைப் புள்ளிகள். நகத்தால் சுரண்டினார். ஒரு புள்ளி பெயர்ந்து விரலில் ஒட்டியது. சுவரின் அதே நிறம்.

"ரோலரை உருட்டும்போது தெறிக்கும். கீழே உட்கார்ந்து 'அங்க விட்டுப்போச்சு, இங்க விட்டுப்போச்சு'ன்னு சொல்றவங்க மேலதான் ஜாஸ்தி விழும். நீங்க தூங்கவே இல்ல. அது மட்டும் உண்மை."

பெரியவர் நடுங்கும் கையை மடியில் கோத்துக்கொண்டார்.

மாடிக் கதவை மூத்த மருமகள் பாதிதான் திறந்தாள். நர்ஸைப் பார்த்ததும் சாத்தப் போனாள். இத்தனை மாதமாக ஓரகத்தி தன்னை உள்ளே விட்டதே இல்லை என்பது நர்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது. வாசலிலேயே பேசி வாசலிலேயே அனுப்பிவிடுவாள். இந்தத் தடவை வாலு குறுக்கே காலை வைத்துவிட்டாள்.

உள்ளே வீடு இல்லை, கிடங்கு இருந்தது. டைல்ஸ் பெட்டிகள். சுவரோரமெல்லாம் நெஞ்சு உயரத்துக்கு அடுக்கி, நடுவிலும் அடுக்கி, ஒருவர் ஒருக்களித்து நடக்க மட்டும் வழி விட்டிருந்தார்கள். கட்டிலுக்கு அடியிலும் பெட்டி. கீழே விரிசல் விடுகிற சுவருக்கு நேர் மேலே, இருப்பதிலேயே உயரமான அடுக்கு. தரை அந்த இடத்தில் லேசாகக் குழிந்திருந்தது.

"கடை?" என்று கேட்டார் நர்ஸ்.

"மூடியாச்சு." மூத்த மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வருஷம் ஆகப்போகுது. சரக்கை வைக்க இடம் இல்ல. தினமும் பையைத் தூக்கிக்கிட்டுக் கடைக்குப் போற மாதிரி கிளம்பிப் போறார். எங்க போறார்னு எனக்கே தெரியாது. அவர் தம்பிக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்னு மாமா சொன்னார். விரிசல் வந்தா நீ பூசிடு, உனக்குத்தான் கடையில ஷோகேஸ் சுவர் பூசின பழக்கம் இருக்கேன்னார்."

"எனக்குப் பைத்தியம்னு சொன்னாங்களே அக்கா. உங்க காதுலயும் விழுந்திருக்குமே."

"விழுந்துச்சு." அவள் தலையைத் தூக்கவில்லை. "முதல் தடவை பட்டி ஒரு கை போதும். போன தடவை ஒரு வாளி போச்சு. உள்ள போட்டுக்கிட்டே இருக்கேன், வாங்கிக்கிட்டே இருக்கு. ராத்திரி கட்டில்ல படுக்கவே பயமா இருக்கு."

துப்பறிவாளர் இத்தனை நாள் ஒரு விளையாட்டுத் திருடனைத் தேடிக்கொண்டிருந்தார். விரிசல் எதனால் வருகிறது என்று ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும். இன்ஜினியரும் கேட்கவில்லை, போலீசும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

"எல்லாரும் கீழே இறங்குங்க. வாலு, தீயணைப்புக்குப் போன் போடு."

ஹாலுக்குள் நுழைந்ததும் நர்ஸ் மட்டும் நேராகச் சுவரிடம் போனார். பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, விரிசல் வரும் தடத்தில் ஒரு கோடு இழுத்தார். பெயின்ட் தோலாக உரிந்தது. அடியிலிருந்த பட்டி பெரிய துண்டாகக் கழன்று காலடியில் விழுந்தது. திறந்த பிளவில் அவர் விரலை வைத்தார். விரல் முழுசாக உள்ளே போனது. உள்ளிருந்து செங்கல் தூள் ஒரு சரமாகக் கொட்டத் தொடங்கி, நிற்காமல் கொட்டியது.

"வெளியே!" என்று கத்தினார் துப்பறிவாளர்.

பெரியவர் எழுந்திருக்கவில்லை. "என் வீடு. நான் கட்டினது. எனக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க போங்க."

"பெரியவரே, பிடிவாதம் பிடிக்கிற நேரமா இது?" துப்பறிவாளர் கையைப் பிடித்து இழுத்தார். அவர் நாற்காலியைக் கட்டிக்கொண்டார். வாலு கெஞ்சினாள். மூத்த மருமகள் அழுதாள்.

நர்ஸ் எல்லோரையும் விலக்கினார். மாமனாரின் அக்குளுக்குள் கையை நுழைத்து, முழங்காலால் முட்டுக் கொடுத்து, தினமும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நோயாளியைத் தூக்குகிற அதே லாவகத்தில் ஒரே வீச்சில் எழுப்பித் தோளில் சாய்த்துக்கொண்டார். "அடி எடுத்து வைங்க மாமா. இடது கால். இப்போ வலது." அதற்குமேல் பெரியவரால் பிடிவாதம் பிடிக்க முடியவில்லை.

தெருவில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. உள்ளே போய்ப் பார்த்த அதிகாரி, கூரைக்கு முட்டுக் கொடுக்காமல் யாரும் உள்ளே காலை வைக்கக் கூடாது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மேல்தளமே கீழே வந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். யாரோ கொண்டுவந்து போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி இல்லாத முகம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"கேஸ் முடிஞ்சுது அத்தான். கொஞ்சம் சிரிக்கலாம்," என்றாள் வாலு.

"சிரிப்பா? நாலு வாரம் அந்தச் சுவருக்குக் கீழே நின்னு டார்ச் அடிச்சிருக்கேன். அது என் தலையில விழல. என் சாமர்த்தியம் அவ்வளவுதான்." அவருக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. பெரியவர்மேல் படலாம் என்றால் அவரைப் பார்க்கவே சகிக்கவில்லை.

நர்ஸ் போனை எடுத்துக் கணவரை அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டு மாமனாரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"என்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம் மாமா. அவர்கிட்ட சொல்லுங்க."

பெரியவர் கூட்டத்தைப் பார்த்தார். போனில் மகன், "என்னப்பா, என்ன ஆச்சு?" என்று பதறினான்.

"டேய்... சுவர்ல விரிசல் இருக்குடா."

"நீங்கதானே இல்லன்னீங்க?"

"இருக்கு. முதல்லேர்ந்தே இருந்துச்சு. உன் பொண்டாட்டி கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான்தான்..." அவர் பாதியில் நிறுத்தினார். ஆனால் தெருவில் நின்ற எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது.

மகன் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். குரல் உடைந்திருந்தது. "நான் உன்னை நம்பியிருக்கணும்," என்றான்.

அதே நேரம் தெருமுனையில், தோளில் பையோடு மூத்தவன் வந்துகொண்டிருந்தான். தீயணைப்பு வண்டியையும், தெருவில் உட்கார்ந்திருந்த அப்பாவையும், தலைவிரிகோலமாக நின்ற மனைவியையும் பார்த்ததும் நின்றுவிட்டான். பை தோளிலிருந்து நழுவியது. அவன் அதைப் பிடிக்கவில்லை.

நர்ஸ் அவனைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைக் காதில் வைத்தார்.

"அதெல்லாம் நேர்ல பேசிக்கலாம். நீங்க இன்னைக்கே கிளம்பி வாங்க," என்றார். "மாடியில வீடு முழுக்கப் பெட்டி இருக்கு. உங்க அண்ணன் ஒத்தையாளா எல்லாத்தையும் இறக்க முடியாது."